15 கிலோ சண்டை ரொபோவின் பற்றரி: தேர்வும் பொருத்தலும்

2024 மே 4, சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்

உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவை முடித்த நாங்கள் மூவர், 15 கிலோகிராம் எடைப் பிரிவுக்காக ஒரு சண்டை ரொபோ செய்கிறோம். சில்லுகளுக்குப் பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு வைப்பர் மோட்டார்கள். முன்னால் சுழலும் உருக்குச் சட்டத்துக்கு ஒரு 24 வோல்ற்று மோட்டார். யூ.பி.எஸ். பெட்டிகளிலிருந்து எடுத்த 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரிகள் இரண்டு கையில் இருக்கின்றன. கடைக்காரர் ஒருவர் 5 அம்பியர்-மணி கொண்ட ஆறு செல் லிப்போ, அதாவது இலிதியம் பொலிமர்ப் பற்றரி, வாங்கச் சொல்கிறார். மூன்று நிமிடச் சண்டைக்கு 5 ஐ விட 7 நல்லது என்பது என் வாதம். மற்ற இருவரும் ஏற்கவில்லை. பொருத்துவது பற்றிக் கவலை இல்லை. பின்பக்கக் கவசத் தகட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடலாம்.

2024 மே 5

உங்களுடைய கடைசி வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன். எண்ணை முதலில் பார்ப்போம்.

ஈயப் பற்றரியின் மேல் அச்சிட்டிருக்கும் 7 அம்பியர்-மணி என்பது, அதை 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல வெறுமையாக்கினால் கிடைக்கும் அளவு. அப்படியென்றால் எடுக்கும் மின்னோட்டம் 0.35 அம்பியர் மட்டுமே. அதே பற்றரியிலிருந்து 7 அம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரம் ஓடாது. ஏறத்தாழ 4 அம்பியர்-மணி தந்துவிட்டுத் தளர்ந்துவிடும். 25 அம்பியர் எடுத்தால் ஐந்து நிமிடம் தாங்குவதே பெரிது, அப்போது கிடைப்பது 2 அம்பியர்-மணி அளவுதான். ஈயத் தகடுகளின் துளைகளுக்குள் புதிய அமிலம் ஊறிவந்து சேர்வதற்கு நேரம் வேண்டும்; நாம் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பற்றரிகள் 2022 இல் வேலை செய்த யூ.பி.எஸ். பெட்டிகளில் இருந்தவையா? அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, ஐந்து பத்து நிமிடத்துக்கென்று செய்யப்பட்ட இந்தச் சிறு பற்றரிகளை எல்லோரும் அடிவரை வற்ற வைத்தோம். அப்படி வற்றிய ஈயப் பற்றரியின் தகடுகளில் சல்பேற்று இறுகிப் படியும். அதன் பிறகு பழைய கொள்ளளவு திரும்பி வராது. நான் கல்லடியில் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருப்பவன். அந்த ஆண்டு என்னிடம் வந்த இத்தகைய பற்றரிகளில் பெரும்பாலானவை வெளியே 12.6 வோல்ற்றுக் காட்டின; 55 வாற்று முன்விளக்குக் குமிழ் ஒன்றைக் கொழுவியதும் சில நிமிடங்களில் 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கின. உங்களுடையவற்றையும் முதலில் அந்தக் குமிழோடு பரீட்சித்துப் பாருங்கள்.

எவ்வளவு தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, ரொபோவைத் தரையில் முட்டவும் திருப்பவும் விட்டுப் பாருங்கள். எங்கள் மூன்றாவது ரொபோவில் சில்லு மோட்டார் ஒவ்வொன்றும் சராசரியாக 12 அம்பியரும், ஆயுத மோட்டார் 25 அம்பியரும் எடுத்தன. மொத்தம் 49. மூன்று நிமிடத்துக்கு 2.45 அம்பியர்-மணி. பற்றரியின் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வைத்தால் 3 அம்பியர்-மணிக்குச் சற்று மேல். ஆகவே உண்மையான 5 உங்களுக்குப் போதும். பெயரளவிலான 7 போதாது. உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி.

எடையையும் மறக்க வேண்டாம். அந்த ஈயப் பற்றரி ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்து நாலரை கிலோ அளவில் வரும். ஆறு செல் லிப்போ முக்கால் கிலோ. இடைப்பட்ட மூன்றே முக்கால் கிலோவை ஆயுதத்திலும் கவசத்திலும் போடும் எதிராளியோடு நீங்கள் மோதப் போகிறீர்கள்.

2024 மே 5, இரவு

மேலே எழுதியதில் ஒரு குறை. வைப்பர் மோட்டார் 12 வோல்ற்றுக்கென்று செய்யப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 24 வோல்ற்றுக் கொடுத்தால் இரு மடங்கு வேகத்தில் ஓடும். முட்டி நிற்கும்போது எடுக்கும் மின்னோட்டமும் இரு மடங்காகும். கரித் துண்டுகள் சிவந்து, சுற்றின் வார்னிஷ் மணக்கத் தொடங்கும். வேகக் கட்டுப்படுத்தியில் உச்ச அளவைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திவையுங்கள். சுற்றுக் கருகிய வைப்பர் மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

2024 மே 11

சி எண் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். 5 அம்பியர்-மணிப் பற்றரியில் 50 சி என்று எழுதியிருந்தால், ஐந்தை ஐம்பதால் பெருக்கி 250 அம்பியர் வரை தொடர்ந்து தரும் என்று அதைச் செய்தவர் உரிமை கோருகிறார். அது உரிமைகோரல்தான், பாதியை நம்புவதே என் வழக்கம், பெயர் தெரியாத பொதியானால் மூன்றில் ஒன்றை.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். 2018 இல் வெளியூர்க் கடை ஒன்றில் மலிவாக ஒரு ஆறு செல் லிப்போ வாங்கினோம். 50 சி என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆயுதத்தைச் சுழற்றத் தொடங்கியதும் ரொபோ தயங்கியது, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் கருவி ஒரு கணம் செத்துப் பிழைத்தது. மோட்டாரைக் குறை சொல்லி இரண்டு வாரம் வீணாக்கிய பிறகுதான், சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உட்டடையையும், அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடையையும், பார்த்தேன். அந்த அளவுள்ள நல்ல செல் 5 மில்லிஓமுக்குள் காட்ட வேண்டும். எங்களுடையது 14 காட்டியது. ஆறு செல்லுக்கு 84 மில்லிஓம். 60 அம்பியர் எடுத்தபோது பற்றரிக்குள்ளேயே 5 வோல்ற்று விழுந்தது. ஏறக்குறைய 300 வாற்று வெப்பமும் அதற்குள்ளேயே பிறந்தது. 60 வாற்றுச் சோல்டரிங் அயன் ஐந்தை ஒரு சவர்க்காரக் கட்டி அளவுள்ள பொதிக்குள் திணித்து வைத்ததற்குச் சமம். இரண்டு சண்டையில் அது வயிறு ஊதிவிட்டது.

எனவே கடையில் சி எண்ணைக் கேட்காதீர்கள், உட்டடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். லிப்போ செல் ஒன்று முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ற்று, பெயரளவில் 3.7, வேலைப்பளுவின்போது 3.2 க்குக் கீழே விடாதீர்கள், 3.0 அதன் அடிமட்டம். வாரக்கணக்கில் சும்மா வைக்கும்போது 3.8 இல் வைக்க வேண்டும்.

மடிக்கணினிப் பற்றரியை உடைத்து அந்த உருளைச் செல்களைக் கட்டலாமா என்று ஒருவர் எழுதியிருந்தார். அவை 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டவை, பெரும்பாலானவை 2.2 அம்பியர்-மணி, நம்பி எடுக்கக்கூடியது 4 அம்பியர் அளவு. உச்சத்தில் 100 அம்பியர் வேண்டுமென்றால் 25 செல் பக்கவாட்டில், அப்படி ஆறு வரிசை. 150 செல், ஒன்று 45 கிராம் என்றால் ஏழு கிலோவுக்குக் கிட்ட. ஈயமே மேல். அதே அளவில் மின்கருவிகளுக்கென்று செய்யப்பட்ட செல்கள் 20 அம்பியர் வரை தரும். ஆனால் அவற்றின் பெயரில் போலிகள் மிகுதி, அதே உட்டடைச் சோதனை அவற்றுக்கும் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பவர்களுக்கு: உதிரி இலிதியப் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், ஏற்றும் பெட்டியில் போடக் கூடாது. 100 வாற்று-மணி வரை தடையில்லை. 100 இலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஆறு செல் 5 அம்பியர்-மணி என்பது 111 வாற்று-மணி, எல்லையைத் தாண்டுகிறது. 4.5 அம்பியர்-மணி என்றால் 99.9. மேலே போட்ட கணக்குப்படி அதுவும் உங்களுக்குப் போதும்.

2024 மே 18

இப்போது அந்தக் கடைசி வாக்கியம்.

எங்கள் முதல் ரொபோவில் நானும் அக்காவின் மகனும் நீங்கள் சொன்னதைத்தான் செய்தோம். பற்றரி பின் தகட்டோடு ஒட்டி இருந்தது. பின்பக்கம்தான் பாதுகாப்பானது, ஆயுதம் முன்னால் அல்லவா இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். இரண்டாவது சண்டையில் எதிராளி எங்களைச் சுற்றி வந்து பின்னால் அடித்தார். தகடு கிழியவில்லை, 8 மில்லிமீற்றர் உள்ளே குழிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருந்த திருகாணியின் நுனி அதே 8 மில்லிமீற்றர் உள்ளே வந்து லிப்போவின் உறையைத் துளைத்தது. முதலில் இனிப்பு மணம் போன்ற ஒன்று, பிறகு வெண்புகை, பிறகு சீறிக்கொண்டு நெருப்பு. மண்டபத்தில் இருந்த சிறுவர்களை வெளியே அனுப்பி, சவளால் ரொபோவைத் தள்ளி முற்றத்துக்குக் கொண்டுபோய், மணலைக் கொட்டிவிட்டு எட்டி நின்றோம். என் மருமகனுக்கு அப்போது 15 வயது. அவன் ரொபோவைக் காப்பாற்ற ஓடினான். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான்கள் தெறித்தன. அந்தப் புகையில் ஐதரசன் புளோரைட்டு இருக்கும், சுவாசப் பைக்கு அது நஞ்சு. எந்த ரொபோவும் அதற்கு ஈடாகாது.

கவசம் குழிவதற்கென்றே இருப்பது. அது குழியும்போது அதன் பின்னால் வெறும் இடம் இருக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து அடி விழுந்தாலும் தகட்டுக்கும் பற்றரிக்கும் நடுவே குறைந்தது 15 மில்லிமீற்றர் இடைவெளி, பற்றரியை நோக்கி எந்தத் திருகாணியின் நுனியும் இல்லாமை: இந்த இரண்டும் நிறைவேறும் இடம் உடலின் நடுவே, சில்லுகளின் அச்சுக்கு அருகில்தான் கிடைக்கும். பாரம் அங்கே இருந்தால் சில்லுகள் தரையைப் பற்றிக்கொள்ளும், ரொபோவும் சட்டென்று திரும்பும். ஆகவே பற்றரியின் இடத்தை முதலில் கீறுங்கள். மோட்டார்களையும் சட்டங்களையும் அதைச் சுற்றிக் கீறுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, எஞ்சிய மூலையில் பற்றரியைச் செருகினோம். எஞ்சிய மூலை என்பது எப்போதும் தகட்டோரமாகவே இருக்கும்.

அடுத்தது அதிர்ச்சி. ரொபோ ஒரு மீற்றர் உயரம் எறியப்பட்டு விழுகிறது என்று வையுங்கள். பற்றரி உடலோடு விறைப்பாகப் பிணைந்திருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் நின்றுபோனால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கு அதன் மேல் தாக்கும். முக்கால் கிலோப் பற்றரிக்கு அது 750 கிலோ பாரம், அதாவது 50 கிலோ அரிசி மூட்டை பதினைந்து. அதே பற்றரி மெத்தைக்குள் இருந்து 5 மில்லிமீற்றர் நசுங்கி நின்றால் 150 கிலோ, மூன்று மூட்டை. செல்களை இணைக்கும் மெல்லிய உலோக நாக்குகள் மூன்று மூட்டையைத் தாங்கலாம், பதினைந்தைத் தாங்க மாட்டா.

மெத்தைக்கு நான் பல பொருள்களைச் சோதித்தேன். கதிரையில் போடும் மென்பஞ்சு முழுதாக நசுங்கிவிடும், பிறகு அது இல்லாததற்குச் சமம். பெட்டிக்குள் வரும் வெள்ளைத் தெர்மகோல் ஓர் அடியில் பொடியாகும். இறப்பர்ச் செருப்பின் அடிப்பகுதியை வெட்டிப் போட்டதே சிறந்து நின்றது. 10 மில்லிமீற்றர் தடிப்பு, நசுங்கி மீண்டும் எழும். பெட்டிக்குக் காத்தான்குடிக் கடைகளில் கிடைக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்ரிக் காய்கறி வெட்டும் பலகையை வாங்கி அறுத்தேன். அது வளையும், உடைந்து சிதறாது, மின்னும் கடத்தாது. கண்ணாடிபோலத் தெரியும் அக்ரிலிக் வேண்டாம். அது கூரிய சில்லாக உடையும், அந்தச் சில்லே பற்றரியைக் குத்தும்.

மெத்தையைப் பின்பக்கம் தடிப்பாகவும் முன்பக்கம் மெல்லியதாகவும் வையுங்கள். மோதலில் ரொபோ பின்னால்தானே தள்ளப்படுகிறது.

2024 மே 19

நேற்று எழுதிய கடைசி வரி பிழை. அதன்படி யாரும் செய்துவிடாதீர்கள்.

காலையில் கல்முனைக்குப் பஸ்ஸில் போகும்போது, ஓட்டுநர் பிரேக் போட்டதும் நின்றுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அப்போதுதான் உறைத்தது. நேருக்கு நேர் மோதலில் பின்னால் தள்ளப்படுவது உடல். உள்ளே இருக்கும் பற்றரி தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போக முனைந்து முன்பக்கச் சுவரில் மோதும். ஆகவே தடித்த மெத்தை முன்பக்கம் வேண்டும். மேற்பக்கமும் வேண்டும், மேலே எறியப்பட்ட ரொபோ தலைகீழாக விழுவதே அதிகம்.

எங்கள் மூன்றாவது ரொபோவில் இரண்டு தடவை செல் நாக்கு முறிந்தது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது. வயர் வரும் முனை முன்னால் பார்த்திருந்தது. நாக்குகள் இருப்பது அந்த முனையில்தான். ஒவ்வொரு மோதலிலும் முழுப் பற்றரியின் பாரமும் அந்த நாக்குகள் மேல் இறங்கியிருக்கிறது. வயர் முனையைப் பின்னால் திருப்பி, வயரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு தளர்ந்த வளையம் விடுங்கள்.

2024 மே 26

சூட்டுப் பசையால் ஒட்டலாமா? வேண்டாம். சூடானால் இளகும், ஒரு சண்டை முடிந்ததும் பற்றரியைக் கழற்ற முடியாது, கழற்ற முனைந்தால் உறை கிழியும். அகன்ற ஒட்டுநாடா இரண்டு, அதன் மேல் நான்கு திருகாணியில் நிற்கும் மூடி. மூடி இல்லாத நாடாவை மட்டும் நம்ப வேண்டாம்.

இறுக்கம் பற்றியும் ஒரு சொல். கையால் அசைத்தால் அசையக் கூடாது, ஆனால் பிழிந்தும் வைக்கக் கூடாது. வேலைக்குப் பின் லிப்போ சற்றுத் தடிக்கும். அந்தத் தடிப்பை மெத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்; நாடா வாங்கிக்கொண்டால் அதன் விளிம்பு உறைக்குள் பதியும்.

2024 ஜூன் 16

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்து மண் சுடும், பட்டறைக் கூரைத் தகரத்தில் கை வைக்க முடியாது. வாடைக் காலத்தில் சரியாக இருந்த ஒரு பற்றரி, சென்ற ஆண்டு இதே மாதத்தில் வானுக்குள் மூடிக் கிடந்து ஒரு மதியத்தில் ஊதிவிட்டது. அது முழுதாகச் சார்ஜ் ஏற்றப்பட்டிருந்தது. நிறைந்த பற்றரியும் சூடும் சேரக் கூடாது.

வேலை செய்யும்போது 60 பாகை வரை இலிதியப் பற்றரி தாங்கும். சார்ஜ் ஏற்றும்போது 45 பாகைக்கு மேல் போகக் கூடாது. சண்டை முடிந்து வந்த பற்றரி 50 பாகையில் இருக்கலாம், வெளிக்காற்றே 35 பாகை. அடுத்த சண்டைக்கு அவசரம் என்று உடனே சார்ஜரில் கொழுவினால் செல்லுக்குத்தான் கேடு. நிழலில், மின்விசிறியின் முன், மேற்பரப்பு கைக்கு இளஞ்சூடாக ஆகும்வரை விடுங்கள். இரண்டு பற்றரி வாங்கும் வசதி இருந்தால் இந்த அவசரமே வராது.

சார்ஜ் ஏற்றுவது சீமெந்துத் தரையில், ஒரு மண்சட்டிக்குள், விழித்திருக்கும்போது மட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். கடற்கரை மணல் வேண்டாம். அதில் உப்பும் ஈரமும் இருப்பதால் மின் கடத்தும். ஆற்று மணலை அரித்து வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். மணல் நெருப்பைப் பரவாமல் அடக்குமே தவிர, செல்லுக்குள் நடப்பதை நிறுத்தாது. அது தானே எரிந்து முடியும். அதுவரை யாரும் கிட்டப் போகக் கூடாது.

2024 ஜூன் 23

வயர்கள். பற்றரியிலிருந்து வரும் முதன்மை வயர் சிலிக்கன் உறை கொண்டதாக, 3.3 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாததாக இருக்கட்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் விறைத்த வயர் அதிர்ச்சியில் சோல்டர் இட்ட இடத்தில் முறியும். தகட்டுத் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இறப்பர் வளையம் வேண்டும். இணைப்புக்கு எக்ஸ்.ரி. 60 உங்கள் 49 அம்பியருக்குப் போதும் என்றாலும், முட்டி நிற்கும்போது வரும் உச்சத்தை எண்ணி எக்ஸ்.ரி. 90 போடுங்கள், அதில் பொறி தெறிக்காத வகையும் உண்டு.

மின்னைத் துண்டிக்கும் இணைப்புத் துண்டு வெளியிலிருந்து கையால் இழுக்கக்கூடியதாக, ஆயுதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். அதை இழுக்கப் போகிறவரின் கை எந்த வழியாக வரும் என்பதை நினைத்து இடம் வையுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. கல்லடியில் என் பட்டறையில், மூன்று மாதம் சும்மா கிடந்த ஒரு பற்றரியில், செல்களைத் தனித்தனியே அளக்க உதவும் சமநிலைச் சார்ஜ் இணைப்பியின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தது. சார்ஜர் ஒரு செல்லைக் குறைவாகக் காட்டியது. செல் நன்றாகவே இருந்தது, ஊசிதான் பொய் சொன்னது. பற்றரியைக் காற்றுப் புகாத டப்பாவில், அரிசிப்பையோடு வரும் நீருறிஞ்சிப் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

2024 ஜூன் 23, சற்றுப் பின்

அரிசிப்பையோடு என்று எழுதிவிட்டேன். சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் பொட்டலம்.

2024 ஜூலை 14

இரண்டு வாரமாக எனக்குள் ஒரு தயக்கம். மே மாதத்தில் லிப்போவை அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

சம்மாந்துறைத் தம்பி எனக்குத் தனியே எழுதியதில், பற்றரியை வீட்டுக்குள் படுக்கையறைக்குப் பக்கத்தில்தான் சார்ஜ் ஏற்ற முடியும் என்றும், இரவில் உம்மாவும் தங்கையும் அங்கேதான் உறங்குவார்கள் என்றும் சொல்லியிருந்தார். எனக்குத் தனியே பட்டறை இருக்கிறது, சீமெந்து முற்றம் இருக்கிறது. அவருக்கு இல்லை. பற்றரியைத் தெரிவுசெய்யும்போது மூன்று நிமிடத்தை மட்டும் பார்த்தேன், மீதி நாள் முழுவதும் அது எங்கே இருக்கப்போகிறது என்பதைப் பார்க்கவில்லை.

இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை செல் 3.2 வோல்ற்று, எட்டைத் தொடராக இணைத்தால் 25.6. சூட்டுக்கும் தவறான சார்ஜுக்கும் லிப்போவை விட நன்றாகத் தாங்கும். உறுதியான உலோக உருளைக்குள் இருப்பதால் குத்துக்கும் தாங்கும். எடையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மின்கருவிகளில் வரும் 26 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட நல்ல செல் 70 கிராம், 2.3 அம்பியர்-மணி, தொடர்ந்து 70 அம்பியர் வரை தரும் என்று செய்தவரே சொல்லும் தரம். எட்டு எட்டாக இரண்டு வரிசை, 16 செல், 1.12 கிலோ, 4.6 அம்பியர்-மணி. லிப்போவை விட 400 கிராம்தான் கூட. ஈயத்தோடு பார்த்தால் மூன்று கிலோவுக்கு மேல் இன்னும் மிச்சம். அந்த 400 கிராமை நான் தயங்காமல் கொடுப்பேன்.

இரண்டு எச்சரிக்கை. சூரிய மின் விளக்குக் கடைகளில் கிடைக்கும் இதே வகைப் பொதி வேண்டாம். அது மெதுவாகத் தருவதற்கென்று செய்யப்பட்டது, அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்ற பற்றரிக் காவல் பலகை ஆயுதம் சுழலத் தொடங்கியதும் மின்னை வெட்டிவிடும், ரொபோ நடுக்களத்தில் செத்து நிற்கும். மற்றது, செல்களைச் சோல்டரால் இணைக்காதீர்கள். அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும், அதிர்ச்சியில் சோல்டர் விட்டுவிடும். நிக்கல் பட்டையைப் புள்ளி வெல்டிங் செய்து, செல்களுக்கு இடையில் மின்காப்புத் தாள் வைத்து, ஒரே கட்டியாகச் சுற்றுங்கள். அந்தக் கட்டிக்கும் முன்பு சொன்ன அதே மெத்தை, அதே பெட்டி, அதே இடைவெளி.

லிப்போ ஏற்கெனவே வாங்கியவர்கள் எறிய வேண்டியதில்லை. வீட்டுக்குள் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

2024 ஜூலை 21

பற்றரியைப் பொருத்தும் முன் செய்ய ஒரு சோதனை. பற்றரியின் அதே அளவில் மரக்கட்டை ஒன்றை அறுத்து, உள்ளே குடைந்து இரும்புத் துண்டுகளை வைத்து அதே எடைக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். ரொபோவை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து எல்லாப் பக்கமும் விழும்படி சீமெந்தில் போடுங்கள். சுவரில் இருபது தடவை முட்ட விடுங்கள். பிறகு தாளைப் பிரித்துப் பாருங்கள். எங்கெல்லாம் கிழிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் உங்கள் பற்றரி கிழிந்திருக்கும்.

2024 ஆகஸ்ட் 4, சம்மாந்துறையிலிருந்து அதே வாசகர்

பொசுபேற்று செல்கள் 16 கிடைத்துவிட்டன, எல்லாவற்றின் உட்டடையையும் அளந்துதான் வாங்கினோம். ஈயப் பற்றரிகள் இரண்டும் குமிழ்ச் சோதனையில் நான்கு நிமிடம்கூட நிற்கவில்லை. மரக்கட்டையைப் போட்டுப் பார்த்தோம். தாள் முழுவதும் நன்றாக இருந்தது, ஆனால் பின்பக்க இடது மூலையில் மட்டும் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை. அந்த மூலையில் திருகாணி எதுவும் இல்லை. தகடும் தொடவில்லை. மூன்று தடவை செய்தும் அதே இடத்தில் வருகிறது.

2024 ஆகஸ்ட் 5

வயரைக் கட்டிய நைலோன் கட்டுநாடாவைப் பாருங்கள். வால் வெட்டிய இடத்தில் கத்தி முனைபோல ஒரு கூர் நிற்கும்; விரலால் தடவினால் தெரியும். கட்டைத் திருப்பி அந்த நுனியை வெளிப்பக்கம் விடுங்கள், அல்லது நகம்வெட்டியால் அடியோடு வெட்டி அரத்தால் தேயுங்கள். பிறகு புதிய தாளைச் சுற்றி நான்காவது தடவையும் போடுங்கள்.

2024 ஆகஸ்ட் 5, இரவு

என்னுடைய ரொபோவையும் இப்போது திறந்து பார்த்தேன். அதே கூர், பற்றரியிலிருந்து 3 மில்லிமீற்றரில். தேய்த்துவிட்டேன்.